முந்திரிக்காட்டில் எடுத்த வால்நட்சத்திரம்

கேமரா பையின் ஜிப்பைத் திறந்து மூக்கை உள்ளே விட்டால்தான் முந்திரிப்பழ வாசனை இப்போது தெரிகிறதடி. போன சித்திரையில் வீடு முழுக்க வீசியது. கறையைப் போக்க சோப்புப் போட்டுத் தேய்த்ததும் நான்தான், வாசனை குறைகிறதே என்று இப்போது தவிப்பதும் நான்தான். முந்திரிச் சாறு பட்டால் கறை போகாது என்று இந்த ஊரில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பழங்களைக் கொண்டுபோய் லென்ஸுக்குப் பக்கத்தில் திணித்து வைத்தாயே, உன்னை என்ன சொல்வது!

இன்று காலை நம் குடியிருப்பு பிளாக் முனையில் ஒரு அம்மா முந்திரிப்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து உன்னோடு பேசியபடியே இருக்கிறேன். எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் ஊர் இது. இங்கே நமக்குக் கிடைக்காதது இருட்டு ஒன்றுதான். மாடியில் நின்றால் தெரு விளக்கு. தெற்கே திரும்பினால் சுரங்கத்தின் வெளிச்சம் வானத்தில் பாதி வரை ஏறியிருக்கும். நாம் முதன்முதலில் படம் பிடித்த வால்நட்சத்திர வாலை நினைத்துப் பார். என்ன ஒரு நீளம், என்ன ஒரு வெண்மை! இரண்டு நாள் தெருவெல்லாம் காட்டிய பிறகுதான் அது மின்நிலையத்துப் புகைபோக்கியின் ஆவி என்று என் வீட்டுக்காரர் சொன்னார். நீ அசரவில்லை. "ஆவிக்கும் வால் இருக்கு இல்ல?" என்றாய்.

சர்வே பிரிவில் வேலை பார்த்தவள் நீ. மேடுபள்ளத்தில் கேமரா முக்காலியை ஆடாமல் நிறுத்துவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. மற்றபடி நாம் இரண்டு பேரும் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட அரைகுறைகள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கணக்கில் கோட்டைவிட்ட அதே இரண்டு பேர்.

அந்தச் சாயங்காலம் உன் ஸ்கூட்டியில் வடக்குத்துக் கிராமத்து முந்திரிக்காட்டுக்குப் போனோம். அடுத்த வாரம் சென்னையில் உனக்கு ஆபரேஷன். வழியெல்லாம் நான் அதைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். நீ வேண்டுமென்றே ஹாரன் அடித்து அடித்துப் பேச்சை மாற்றினாய். காட்டுக்குள் மேற்கே பார்த்த ஒரு வெட்டவெளி. சருகும் பழமுமாய்த் தரை காலடியில் மெத்தென்று அமுங்கியது. ஊர்ப் புகை வாசனை போய், புளித்த இனிப்பு ஒன்று காற்றில் தொங்கியது. ஆகாயம் ஆரஞ்சிலிருந்து ஊதாவுக்கு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. நானும் நீயும் கனவுக்குள் யாரோ வரச்சொன்ன இடத்துக்கு வந்தவர்கள் போல நின்றோம்.

அப்போதுதான் தோப்புக்காரர் கழியோடு வந்தார்.

"யாரும்மா அது? இன்னா பண்ணிகினு இருக்கீங்க? கொட்டை பொறுக்க வந்தீங்களா?"

"இல்லங்க, வால்நட்சத்திரம் படம் புடிக்க வந்தோம்," என்றாய், மகா மரியாதையாக.

அவர் கேமராவைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அது வந்தா ராசாவுக்கு ஆவாதுன்னு எங்க ஆயா சொல்லும்."

"நல்ல வேளை, நாங்க ராசா இல்லங்க. தப்பிச்சோம்."

அவர் சிரித்துவிட்டார். உதிர்ந்து கிடந்ததில் நல்லதாகப் பார்த்து ஒரு கை நிறையப் பழம் பொறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். நீ ராசா இல்லை என்று அன்றைக்கு எந்தத் தைரியத்தில் சொன்னாய்? என் ராஜ்ஜியத்தில் வேறு யார் இருந்தார்கள்?

கேமரா வரிசையாகப் படமெடுக்க ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் சில விநாடி. யாரும் குறுக்கே போகக் கூடாது, மொபைலைக் கூட எடுக்கக் கூடாது என்பது உன் சட்டம். கொசு கடித்து நான் கையை உதறியதற்கே முறைத்தாய். அப்படிப்பட்ட நீ திடீரென்று, "அதோடி! கண்ணுக்கே தெரியுது!" என்று கத்திக்கொண்டு லென்ஸுக்கு முன்னாலேயே நடந்தாய். நாலடி போய், கையைத் தூக்கிக் காட்டியபடி அப்படியே நின்றுவிட்டாய்.

"ஏய், படத்துல வர்றடி!"

"வந்தா வரட்டும். சேர்க்கும்போது தள்ளிக்கலாம்."

எனக்கு அந்த வால்நட்சத்திரம் கண்ணுக்குத் தெரியவே இல்லை. நான் உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பையை என் தோளில் மாட்டிவிட்டாய். "எல்லாப் படத்தையும் ஒண்ணாச் சேர்த்து வை. நான் வந்து பாக்கறேன். சுத்தமா இருக்கணும், சொல்லிட்டேன்." நீ வரவில்லை. ஆபரேஷன் முடிந்து பேசினாய் என்றார்கள்; பிறகு பேசவில்லை என்றார்கள்.

பல மாதம் அந்தப் பையைப் பீரோ மேலேயே வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு நாள் லேப்டாப்பில் எல்லாப் படத்தையும் ஏற்றினேன். உனக்குத்தான் தெரியுமே, தனித்தனிப் படத்தில் வால் இருப்பது போலவும் இருக்கும், இல்லாதது போலவும் இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சேர்க்கத்தான் அது துலங்கும். எல்லாப் படத்திலும் இருப்பதை வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டில் மட்டும் வந்துபோன விமானம், பறவை எல்லாவற்றையும் சாஃப்ட்வேர் தானே நீக்கிவிடும்.

முடிந்தது. என்ன அழகுடி! பச்சை கலந்த தலையும், மேலே சாய்ந்து கலையும் வாலும், துடைத்துவிட்ட ஆகாயமும். நீ கேட்ட அதே சுத்தம். கீழே நீ நின்ற இடத்தைத் தேடினேன். ஒன்றுமில்லை. நீ வந்தது இரண்டே இரண்டு படத்தில். விமானத்தோடு விமானமாக உன்னையும் தள்ளிவிட்டது. நீ சொன்னபடிதான் நடந்திருக்கிறது. லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையல் கட்டில் போய் நின்று அழுதேன்.

மறுநாள் மறுபடி உட்கார்ந்தேன். எதையும் நீக்காதே, எல்லாவற்றையும் சமமாகச் சேர் என்று அமுக்கினேன். விமானம் கோடு இழுத்திருக்கிறது, வாலும் கொஞ்சம் மங்கல்தான். கீழே, சாம்பல் ஊதினாற்போல ஒரு நிழல். கை இருக்குமிடத்தில் இன்னும் லேசாக ஒன்று. உன் பேச்சை நான் கேட்காதது இது முதல் தடவை இல்லையே. திட்டிக்கொள்.

அதைத்தான் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் வாலைப் பார்த்து வியந்துவிட்டுக் காப்பி குடிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். போன வாரம் என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தவர், துண்டு நுனியால் கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கறை போவ மாட்டேங்குதே."

"போகாதுங்க. அது உள்ள இருக்கு."

கிட்டே போய்ப் பார்த்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த வால்நட்சத்திரம் மறுபடி இந்தப் பக்கம் வரும்போது நம் பிள்ளைகளே கிழடாகியிருப்பார்கள். அவர்களாவது பார்க்கட்டும். இப்போதுதான் பிளாக் முனைக்குத் திரும்பவும் போய்விட்டு வந்தேன். அந்த அம்மா எழுந்திருக்கும் நேரம். கூடையில் மிச்சமிருந்ததையெல்லாம் எனக்கே கொடுத்துவிட்டார். "கவர் தரட்டுமாம்மா?" என்றார். வேண்டாம் என்று சொல்லி, கேமரா பையைத் திறந்து நீட்டினேன்.