இரண்டு பட்டியலிலும் இருப்பவர்கள்

ஜூன் 3, செவ்வாய்

வேலைக்காக இந்தக் கன்னட ஊருக்கு வந்து, ஈஜிபுராவில் அறை எடுத்து எட்டு மாதம். ஆய்வகத்தில் இன்றும் தனியாகத்தான் சாப்பிட்டேன். பிறகு கீழே காபிக்கடை. இந்த ஊரில் 'பை டூ' என்றால் ஒரு காபியை இரண்டு கப்பில் பிரித்துத் தருவார்கள். எனக்கு அரைக் காபி போதும். பிரித்துக்கொள்ள ஆள் வேண்டுமே! முழுசாக வாங்கிப் பாதியைக் கொட்டினேன்.

ஜூன் 5

சிறுநீரக நோய் பற்றி இரண்டு மருத்துவமனைகள் தந்த தரவு. நோயாளிகளிடம் மாறியிருக்கும் மரபணுக்கள் இரண்டு பட்டியலாக இருக்கின்றன. இரண்டிலும் இருப்பவை எவை? பட்டியல்களை 'செட்' என்ற தொகுப்பாக மாற்றிவிட்டால், பைத்தான் கணினி மொழியில் ஒரே வரி. போட்டேன். இருநூற்றுக்கு மேல் வந்தது. இருபது வந்தாலே பெரிது என்றிருந்தோம்.

ஜூன் 6

ஆய்வகத் தலைவர் நிருபமா மேடம் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அடுத்த வெள்ளி இதைக் கட்டுரையாக ஆய்விதழுக்கு அனுப்புகிறோம். மதியம் கூட வேலை செய்பவர்கள் முதல்முறையாக என்னையும் தங்கள் மேசைக்குக் கூப்பிட்டார்கள். தேஜஸ் தன் டப்பாவிலிருந்து சித்ரான்னம் வைத்தான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. எவ்வளவு நாளாச்சு இப்படி!

ஜூன் 9

ஏன் இவ்வளவு பொருந்துகிறது? — பேசாம இருடி என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஜூன் 10

இருக்க முடியவில்லை. மரபணுக்களுக்குப் போட்ட அதே வரியை நோயாளிகளுக்கும் போட்டேன். பெயர் கிடையாது, பிறந்த தேதி, உயரம், பின்கோடு உண்டு. பாதிக்கு மேல் அதே ஆட்கள். சிவாஜிநகர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, மனசு கேட்காமல் இன்னொரு பெரிய ஆஸ்பத்திரிக்கும் போயிருக்கிறார்கள். அதே உடம்பு அதே மரபணுவைத்தானே காட்டும்? அவர்களை ஒரு பக்கத்திலிருந்து நீக்கிவிட்டுப் பார்த்தால், இரண்டிலும் மிஞ்சிய மரபணு மூன்றே மூன்று.

சொன்னால் கட்டுரை போச்சு. அந்த மேசையும் போச்சு. பாழாப்போன புத்தி, இதை எதுக்குப் போய்த் தோண்டுச்சு?

ஜூன் 12

சொல்லிவிட்டேன். மேடம் மடிக்கணினியை மூடினார். "நல்லவேளை, இப்பவே சொன்னே," என்றார். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

ஜூன் 13

கட்டுரை போகவில்லை. மதியம் என்னை யாரும் கூப்பிடவில்லை. டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அழுதேன்.

ஜூன் 15, ஞாயிறு

யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜூன் 17

காபிக்கடையில் தேஜஸ் வந்து பக்கத்தில் நின்றான். அந்தப் பட்டியல்களைப் போன வருஷம் தயார் செய்தது அவன்தானாம். இரண்டிலும் ஒரே ஆட்களோ என்று அப்போதே சந்தேகம் வந்ததாம்.

"வாயைத் திறக்க பயமா இருந்துச்சு, இளவேனில். எல்லாரும் ஒதுக்கிடுவாங்கன்னு."

கடைக்காரர் வழக்கம்போல எனக்கு முழுக் காபி ஊற்றப் போனார்.

"பை டூ குடுங்கண்ணா," என்றேன்.