அழைக்காத வாசல்

1939, சித்திரை 9

மலைமேல் இருக்கும் பைல் நாட்டில் எங்கள் ஊருக்குச் சாமி அழைக்கிற குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான். உடுக்கையை எடுத்துக் குரல் கொடுத்தால் எதிர்மலையில் ஆடு மேய்ப்பவன் எழுந்து நிற்பான். இதை நானே எழுதிக்கொள்வது தற்பெருமைதான். இருக்கட்டும், உள்ளதுதானே.

வெள்ளிக்கிழமை எங்கள் கோயில் நோம்பி. சாமி இறங்கி உத்தரவு தந்த பிறகுதான் ஊரில் சாமை விதைப்போம்.

சித்திரை 11

நோம்பிக்கு வீடு வீடாகப் போய் வாயால் அழைக்க வேண்டும். ஆள் விட்டுச் சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார்கள். எல்லா வீட்டையும் அழைத்துவிட்டேன் — அப்பாசாமி வீட்டைத் தவிர.

என் தங்கை கண்ணாயியின் புருஷன்தான். எங்கள் இருவர் காட்டுக்கும் எல்லையான பலாமரத்தில் ஏறிய மிளகுக்கொடி தன்னுடையது என்று சொல்லி, போன தையில் ஊர் நடுவே என்னைத் திருடனாக்கினவன். அதிலிருந்து அந்த வாசலை நான் மிதிக்கவில்லை.

“ஏனுங்க, சாமி எறங்கறதே அவரு மேலதானுங்களே?” என்றாள் என் மனைவி அத்தாயி.

“ஏன், சாமிக்கு வேற ஆளே கெடைக்காதா?” என்றேன்.

சித்திரை 15

வரவில்லை.

தொண்டை கிழிய அழைத்தேன். பொழுது சாயும்வரை அழைத்தேன். ஒருவர் மேலும் சாமி இறங்கவில்லை. அப்பாசாமி கோயில் வேலிக்கு வெளியே கைகட்டி நின்றான். அழைக்காத இடத்துக்குள் கால் வைக்கமாட்டானாம்.

அடுத்த வெள்ளிக்கு மறுபடி அழைக்கலாம், அதுவரை யாரும் ஏரைத் தொடக்கூடாது என்றுவிட்டார் ஊர்க்கவுண்டர் பொங்கியண்ணன். பெய்த மழையின் ஈரம் அதுவரை நிற்குமா?

சித்திரை 18

மண் வெளுக்கிறது. எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

சித்திரை 20

பொங்கியண்ணன் வந்தார். “வேற ஆளை விட்டுச் சாமிய அழைக்கச் சொல்லிப் பாக்கலாமா?” மெதுவாகத்தான் கேட்டார். வேற ஆளா? எங்க உடுக்கையை இன்னொருத்தன் தொடுறதா? நான் உசுரோட இருக்கையிலயா?

துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நேரே அப்பாசாமி வாசலில் போய் நின்றேன். “சாமி காரியத்துக்கு வாங்க மாப்பிள்ளை.”

“வாரனுங்க மச்சான்” என்றான். பிறகு, “உங்க தங்கச்சியவும் ஒருக்கா அழைச்சுப்போடுங்க. தையிலிருந்து உங்க ஊட்டுத் தடத்தையே பாத்துக்கிட்டு நிக்கறா.”

கதவோரம் கண்ணாயி. இளைத்துப் போயிருந்தாள். அவள் பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், குரல் வரவில்லை. என்ன கேடு எனக்கு — அவளா கொடி கேட்டாள்? அவ என்ன செஞ்சா?

“வா கண்ணு” என்றேன். அவளுக்குக் கேட்டுவிட்டது.

சித்திரை 22

முதல் அழைப்பிலேயே அப்பாசாமி மேல் சாமி இறங்கியது. உத்தரவும் ஆயிற்று. ஊரெல்லாம் என் தொண்டையைத்தான் மெச்சுகிறது. நான் மறுக்கவில்லை.

சித்திரை 23

விடிந்து பார்த்தால் எங்கள் அடுப்பு எரிகிறது. விதைப்புக்குப் போகிறவர்களுக்குக் கண்ணாயி களி கிண்டிக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவளை யாரும் போய் அழைக்கவில்லை.