1147-ஆம் பேருந்துக்கு நாற்பது நிமிட மழை

அனுப்புநர்:
முன்னாள் தலைமைப் பரிசோதகர், மழைச் சோதனைப் பிரிவு,
நகரப் பேருந்துத் தொழிற்சாலை (மூடப்பட்டது).
தற்போதைய முகவரி: தொழிற்சாலைப் பின்வாசல் தெரு, மூன்றாவது வீடு.

பெறுநர்:
பொது மேலாளர் அவர்கள்,
மாநகரப் போக்குவரத்துக் கழகம்.

பொருள்: எங்கள் தொழிற்சாலையில் கட்டி இன்றும் ஓடும் அறுபத்து மூன்று பேருந்துகளைத் 'தயாரிப்புக் குறை' என்று எழுதி உடைக்கச் சொல்லும் ஆணையை நிறுத்தி வைக்கவும், அவற்றை மழைச் சோதனை செய்து பார்க்கவும் கோருவது தொடர்பாக.

பார்வை: கிழக்குப் பணிமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய பொது மேலாளர் ஐயா அவர்களுக்கு,

1. நான் இருபத்து மூன்று ஆண்டுகள் பேருந்துக்குள் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள். ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை, பயணியும் இல்லை. கட்டி முடித்த பேருந்து வாசலைத் தாண்டும் முன் அதன் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஆட்கள் எனக்கு வைத்த பெயர் மழைக்காரி. நேரில் யாரும் அப்படி அழைத்ததில்லை. முதுகுக்குப் பின்னால் அழைத்தது எல்லாம் என் காதில் விழுந்தது.

2. தங்கள் ஆணையை நான்கு முறை படித்தேன். சென்ற மாதப் பெருமழையில் எங்கள் பேருந்து ஒன்று பாலத்தின் நடுவே நின்றுவிட்டது. கூரையிலிருந்து இறங்கிய நீர் ஓட்டுநர் அருகிலுள்ள மின்பெட்டிக்குள் போய், புகை வந்து, கதவு திறக்காமல் போனது. பயணிகள் சன்னல் வழியாகக் குதித்தார்கள். அதில் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு வலக்கை முறிந்தது. இவ்வளவும் உண்மை, இதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. நான் மறுப்பது அதற்கு அடுத்த வரியை. "மேற்படி நிறுவனத்தின் பேருந்துகள் அனைத்தும் தயாரிப்புக் குறை உடையவை" என்று தங்கள் அலுவலகம் எழுதியிருக்கிறது. அனைத்தும் என்று எழுத ஐந்து எழுத்து போதும். அனைத்தையும் பார்க்க அறுபத்து மூன்று பேருந்துகளுக்குள் ஏறி இறங்க வேண்டும். யாரும் ஏறி இறங்கியதாகத் தெரியவில்லை.

3. தாங்கள் இந்தப் பதவிக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் கதவு மூடிவிட்டது. ஆகவே எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்வது அவசியமாகிறது. அவர் லாரிகளுக்கு மரப்பெட்டி கட்டிய தச்சர். இளவயதில் ஒரு வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் பேருந்தில் போனபோது, கூரையிலிருந்து துருத்தண்ணீர் ஒழுகி அவருடைய ஒரே வெள்ளைச் சட்டை பழுப்பாகிப் போனதாம். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது தொழிற்சாலையில் எல்லோரும் சொல்லும் கதை. இது உண்மையா என்று ஒருமுறை நேராகவே கேட்டேன். "பாதி உண்மைம்மா. மீதிப் பாதி, எனக்கு அந்த வேலை தெரியாது," என்றார்.

4. முதல் பேருந்தை எங்கள் தெருக்கோடியில் இருந்த பழைய பனிக்கட்டிக் கிடங்கில் கட்டினார்கள். கட்டி முடித்த பிறகுதான் கிடங்கு வாசல் ஒரு சாண் தாழ்வு என்பது தெரிந்தது. பேருந்து கட்டத் தெரிந்த ஒன்பது பேருக்கு வாசலை அளக்கத் தெரியவில்லை. ஆறு சக்கரத்திலும் காற்றை இறக்கி, ஊரே கூடித் தள்ளி வெளியே கொண்டுவந்தது. நானும் தள்ளினேன். மறு ஆண்டில் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆண்டில் மூன்று பேருந்துகள். பிறகு வாரத்துக்கு ஒன்று என்ற நிலை. ஏறும் படியை மற்றவர்களைவிட ஒரு சாண் தாழ்த்தி வைத்தது நாங்கள்தான். முழங்கால் வலிக்காரர்கள் இன்றும் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு எங்கள் பேருந்துக்காக நிற்பதைத் தாங்கள் மருத்துவமனை நிறுத்தத்தில் எந்தக் காலையிலும் பார்க்கலாம்.

5. இனி மழைச் சோதனை. கொட்டகையின் மேலே குழாய்கள், குழாய்களில் துளைகள். நாற்பது நிமிடம் கொட்டும். உள்ளே உட்காருவது யார் என்றால், அந்தப் பேருந்தைக் கட்டிய இருபத்து இரண்டு பேரும்தான். தகடு அடித்தவர், கண்ணாடி பொருத்தியவர், இருக்கை தைத்தவர், வண்ணம் பூசியவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் உட்கார வேண்டும். நீலச் சீருடையில் உட்காரக் கூடாது. கல்யாணத்துக்குப் போவதற்கு எடுத்து வைத்திருப்பதை உடுத்தி வர வேண்டும். இது முதலாளி போட்ட சட்டம். சீருடை நனைந்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. நனைந்தவர் கையைத் தூக்குவார், நான் சுண்ணக்கட்டியால் அந்த இடத்தில் வட்டம் போடுவேன், பேருந்து திரும்பிப் போகும். என்னிடம் ஒரு பச்சைப் பட்டு இருக்கிறது. அது பார்த்த மழையை எங்கள் ஊர் வானம் பார்த்திருக்காது.

6. என் கணவர் கூரைப் பிரிவு. அவர் போட்ட கூரைகளில் பதினொன்றை நான் திருப்பி அனுப்பினேன். அதன் பிறகுதான் பெண் கேட்டு வந்தார். "இவளைக் கட்டிக்கிட்டா வீட்டுக் கூரையாவது ஒழுகாது," என்று தன் தாயாரிடம் சொன்னாராம். கல்யாணத்துக்குப் பின்னும் இரண்டைத் திருப்பினேன். அந்த இரண்டு நாளும் தண்டனையாக வீட்டில் சமையல் அவருடையது. இதைக் குறிப்பிடுவதன் நோக்கம், என் முத்திரை சொந்தம் பந்தம் பார்த்து விழுந்ததில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவதே.

7. தொழிற்சாலை மூடிய காரணம் பலவாறாகப் பேசப்படுகிறது. நான் அறிந்ததைச் சொல்கிறேன். தங்கள் கழகம் ஒரே ஆண்டில் நூற்று இருபது பேருந்துகள் கேட்டது. எங்களால் அறுபதுதான் முடியும் என்றோம். அப்போதைய கொள்முதல் அதிகாரி வந்து கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றையும் நனைத்துக்கொண்டிருந்தால் எப்படி, பத்தில் ஒன்றைச் சோதித்தால் போதுமே என்றார். முதலாளி சிரித்துக்கொண்டே, "மீதி ஒன்பதுல யாரை உட்கார வைக்கிறதுன்னும் நீங்களே எழுதிக் கொடுத்திடுங்க சார்," என்றார். அதிகாரி சிரிக்கவில்லை. அந்த வேலை வேறொரு நிறுவனத்துக்குப் போனது. நாங்கள் பதினான்கு மாதம் தாக்குப்பிடித்தோம். முதலாளியின் பிடிவாதத்தால் இருநூறு குடும்பம் தெருவுக்கு வந்தது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இருநூறில் எங்களுடையதும் ஒன்று. அவர் செய்தது சரி என்பதே இன்றும் என் கருத்து.

8. மேற்சொன்ன பணி அனுபவத்தோடு, அறுபத்து இரண்டு பேருந்துகளுக்கு நான் நெஞ்சில் கைவைத்து உறுதி சொல்கிறேன். அவை சோதனையில் தேறியவை. பதிவேடு என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தாங்கள் எப்போது வந்தாலும் காட்டுகிறேன்.

9. அறுபத்து மூன்றாவதைப் பற்றி எழுதவே இந்த மனு.

10. பாலத்தில் நின்ற பேருந்தைப் பார்க்கக் கிழக்குப் பணிமனைக்குப் போனேன். பணிமனை மேற்பார்வையாளர் நல்ல மனிதர், "பாத்துட்டு சீக்கிரம் வந்துடுங்கம்மா," என்று விட்டார். முன்கதவுக்கு மேலே உள்ள உடல் எண் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். 1147. எங்கள் தொழிற்சாலை கட்டிய கடைசிப் பேருந்து. மேற்பார்வையாளர் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

11. காரணம் பின்வருமாறு. மறுநாள் காலை தொழிற்சாலைக்குப் பூட்டுப் போடப்போகிறார்கள் என்ற நிலையில் 1147 முடிந்தது. அன்று மாலைக்குள் வெளியே போகாவிட்டால் அதுவும் உள்ளே பூட்டப்பட்டுவிடும். கொட்டகையின் தண்ணீர் இணைப்பை முந்தின நாளே துண்டித்திருந்தார்கள். ஆட்களுக்கு அது தெரியும். தெரிந்தும் இருபத்து இரண்டு பேரும் நல்ல உடுப்பில் வந்திருந்தார்கள். வண்ணம் பூசுபவர் காலணிக்கு மெருகு போட்டிருந்தார். எல்லோரும் ஏறி அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மேலே குழாயில் ஒரு சொட்டு இல்லை. நாற்பது நிமிடமும் யாரும் எழவில்லை, யாரும் பேசவில்லை. இருக்கை தைக்கும் அக்கா மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். நேரம் முடிந்ததும் நான் இறங்கிப் பதிவேட்டில் 'ஒழுகல் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினேன். அது பொய். என் கையால் எழுதிய ஒரே பொய் அது. அன்று அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

12. பதினான்கு ஆண்டு ஆகிவிட்டது, கூரைத் தகடுகளை ஒட்டிய பசை காய்ந்திருக்கும், தகடு தளர்ந்திருக்கும் என்று சொல்லி நான் தப்பிக்கலாம். ஆனால் கூரையின் உட்புறக் கறையை எனக்குப் படிக்கத் தெரியும். மூன்று பூச்சு வண்ணத்துக்கும் அடியில் பழுப்பு வளையம் இருக்கிறது. முதல் மழையிலிருந்தே ஒழுகியிருக்கிறது. இத்தனை ஆண்டும் இருக்கையில் சொட்டிய கொஞ்சத்தைக் கதவுவழிச் சாரல் என்று விட்டிருப்பார்கள், மீதி நீர் பக்கத் தூணுக்குள் இறங்கித் தரைவழியாக வெளியேறியதால் யார் கண்ணிலும் படவில்லை. இப்போது துரு அந்த வழியை அடைத்துவிட, நீர் மின்பெட்டிக்குத் திரும்பியிருக்கிறது. மூன்றாம் தகட்டு இணைப்பில் நான்கு விரல் அகலத்துக்குப் பசையே இல்லை. தண்ணீர் மட்டும் இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு கை உயர்ந்திருக்கும்.

13. அந்தக் கூரையைப் போட்டவர் என் கணவர். வீட்டுக்கு வந்து நான்கு விரலைக் காட்டினேன். அவர் தன் நான்கு விரலை என் விரல்மேல் வைத்து அளந்தார். பிறகு, "பசை டப்பா தீந்துபோச்சு, வேற எடுத்துட்டு வரலாம்னு இறங்கினேன், அதுக்குள்ள மணி அடிச்சுட்டாங்க. அப்புறம் மறந்தே போச்சு," என்றார். அதோடு, "எது விட்டுப்போனாலும் நீ கண்டுபிடிச்சிடுவேன்னு இருந்தேன்," என்றார். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

14. மறுநாள் கை முறிந்த ஆசிரியையின் வீட்டைத் தேடிப் போனேன். கட்டுப் போட்ட கையோடு இடக்கையால் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். கோபிப்பார், திட்டுவார் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. சொல்ல வேண்டிய இடத்துல சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ இன்னும் சொல்லல," என்றார். அன்று மாலையே இதை எழுத உட்கார்ந்தேன்.

15. ஆகவே என் கோரிக்கைகள்.

உடைக்கும் ஆணையை முப்பது நாள் நிறுத்தி வைக்க வேண்டும். கிழக்குப் பணிமனையில் பேருந்து கழுவும் மேடைக்கு மேலே குழாய்கள் இருக்கின்றன. பார்த்துவிட்டுத்தான் வந்தேன், நீரழுத்தம் போதும். அங்கே பேருந்துகள் ஒவ்வொன்றையும் நாற்பது நிமிடம் நனைக்க அனுமதிக்க வேண்டும். உள்ளே உட்காரப் பழைய ஆட்கள் நாற்பத்தொரு பேர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கூலி கேட்கவில்லை. தேநீர் கொடுத்தால் மறுக்க மாட்டார்கள்.

ஒழுகுபவற்றை உடைத்துவிடுங்கள். முதல் ஆளாக நானே சம்மதிக்கிறேன். ஒழுகாதவற்றின் மேல் எழுதிய 'தயாரிப்புக் குறை' என்பதை அடித்துவிட்டு அவற்றை ஓட விடுங்கள். அந்த இரண்டு சொல்லும் பலகையில் இருக்கும்வரை, இருக்கை தைத்த அக்கா பணிமனை வாசல் நிறுத்தத்தில் நின்று பேருந்து ஏற மாட்டேன் என்கிறார். நடந்தே போகிறார்.

1147-ஐப் பொறுத்தவரை, 'தயாரிப்புக் குறை' என்பதற்குப் பதிலாக, 'சோதிக்காமல் அனுப்பப்பட்டது' என்று எழுத வேண்டும். அதன் பக்கத்தில் என் பதவியைக் குறிப்பிட வேண்டும். நிறுவனம் என்று எழுத வேண்டாம். முதலாளி இன்று உயிரோடு இல்லை, அவர் அன்று கொட்டகைக்கு வரவும் இல்லை. இதற்காக என்மேல் எடுக்க வேண்டிய நடவடிக்கை எதுவானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை.

16. இந்த மனுவை என் கணவர் படித்துப் பார்த்தார். ஆறாம் பத்தியில் பதினொன்று தவறு, ஒன்பதுதான் என்கிறார். பதிவேட்டின்படி பதினொன்று. மற்றபடி எதையும் மாற்றச் சொல்லவில்லை. பதின்மூன்றாம் பத்தியை இரண்டு முறை படித்தார்.

17. சோதனையை 1147-இல் தொடங்க வேண்டும் என்பது என் கடைசி வேண்டுகோள். மின்பெட்டி இணைப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லுங்கள். முன்கதவு ஓரத்து ஒற்றை இருக்கைக்கு நேர் மேலேதான் அந்த நான்கு விரல் இடைவெளி. அங்கே நான் உட்காருகிறேன். பச்சைப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நாள் குறித்துச் சொல்லி அனுப்பினால் போதும். கையைத் தூக்க வேண்டிய நேரம் எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(கையொப்பமும் பழைய முத்திரையும்)
முன்னாள் தலைமைப் பரிசோதகர், மழைச் சோதனைப் பிரிவு.

இடம்: தொழிற்சாலைப் பின்வாசல் தெரு.
நாள்: ஆணை ஒட்டப்பட்ட ஒன்பதாம் நாள்.

இணைப்பு: சோதனைப் பதிவேட்டின் கடைசிப் பக்கம், மூலப் பிரதி. நகல் எடுத்துக்கொள்ளவில்லை.