எழுபத்தொன்பதைச் சொல்லாமல் விட்டேன்

என் அன்பு அண்ணைக்கு,

வியாழக்கிழமை உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. வருகிறவர்களுக்குக் கொடுக்கிற கல்வெட்டு நினைவுப் புத்தகத்தைச் சரிபார்க்கும்படி அண்ணி என்னிடம் தந்திருக்கிறார். "அவரின்ரை கண்டுபிடிப்பு கடைசிப் பக்கத்திலை வரவேணும். சனம் அறியட்டும்."

அறியட்டும். முதன்மை எண்கள், அதாவது பகா எண்கள், சிலவற்றை ஒரு வர்க்கமாகவும் இன்னொரு வர்க்கத்தின் பதினான்கு மடங்காகவும் பிரிக்கலாம். 23 அப்படி: 3² + 14×1². எது பிரியும், எது பிரியாது? ஐம்பத்தாறால் வகுத்து மீதியைப் பார்த்தால் போதும் என்றீர்கள். மீதி 23 என்றால் கட்டாயம் பிரியுமாம். நட்சத்திரத்தை வைத்து ஆளை முடிவுகட்டுகிற சாத்திரியாரை எவ்வளவு பகிடி பண்ணுவீர்கள்!

மருதனார்மடத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணிதம் படிப்பித்தீர்கள். உயர்தர வகுப்பில் நானும் கணிதம் படிக்கக் கேட்டபோது சொன்னது நினைவிருக்கிறதா?

"உனக்கேனடி உது? எழுத்து வடிவாயிருக்கு. இருந்து என்ரையைப் பிரதி எடு."

பதினொரு வருடம் எடுத்தேன். எடுக்கிறவள் வாசிக்கவும் செய்வாள் என்று உங்களுக்குத் தோன்றவேயில்லை. நீங்கள் பிரிந்து வந்த எண்களை மட்டுமே வகுத்துப் பார்த்திருந்தீர்கள். 23, 359, 751. எல்லாவற்றுக்கும் மீதி 23. மீதி 23 வருகிற எண்களெல்லாம் பிரிகின்றனவா என்று மறுபக்கமிருந்து பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். 79க்கும் மீதி 23தான். பதினான்கைக் கழித்தால் 65, பதினான்கின் நான்கு மடங்கான ஐம்பத்தாறைக் கழித்தால் 23. இரண்டும் வர்க்கமில்லை. அது வேறொரு வடிவத்துக்குரியது: 2×6² + 7×1². உங்கள் கூற்று அந்த ஒரு எண்ணிலேயே விழுந்துவிட்டது. நான் வாய் திறக்காமல் உங்கள் பிழையை வடிவான எழுத்தில் எழுதித் தந்தேன்.

ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்தீர்கள். "பிழை ஏதும் கண்டனியோடி?"

"இல்லை அண்ணை. எல்லாம் சரி."

பக்கத்தில் நின்ற அண்ணி அழுதார். உங்கள் முகம் தெளிந்ததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் நான் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தக் கட்டிலில் கிடந்தே திருத்தியிருப்பீர்கள். பிறகு 79உம் உங்களுடையதாகியிருக்கும். பாசம் இருந்தது, அண்ணை. அதையும் விட ஆத்திரம் இருந்தது. சாகிற ஆளிடம் இப்படி நடந்தவளை என்னவென்று சொல்வீர்கள்?

அண்ணி கேட்டபடி கடைசிப் பக்கத்தில் உங்கள் கூற்று ஓரெழுத்தும் மாறாமல் வருகிறது. அதன் கீழே 79. அதன் கீழே என் பெயர்.

உங்கள் திவசத்தை மறக்க மாட்டேன். வருடாவருடம் படையலோடு இப்படி உங்கள் கூற்றை உடைக்கிற ஒரு எண்ணையும் எழுதி உங்கள் படத்துக்கு முன்னால் வைப்பேன். முதல் வருடத்துக்கு 191. அவை தீரப்போவதில்லை.

இனிப் பிரதி எடுக்காத,
உங்கள் ஒரே தங்கை