உருண்டைக்குச் சூடு பாத்த விஷயம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது. முதல்ல இந்த ஒரு வரியைப் படிச்சிட்டு அப்புறம் மத்ததைப் படி, உன் பையன் உருண்டை இப்போ நல்லா இருக்கான். பக்கத்து அறையில உங்கம்மா ஊட்டுறா, அவன் துப்புறான், ரெண்டு பேர் சத்தமும் இங்க கேக்குது. எங்க உடம்புக்கும் குறை ஒண்ணும் இல்லை. நீயும் மாப்பிள்ளையும் ஷிப்டு ஷிப்டுன்னு ஓடினாலும் வேளைக்கு ஒரு வாய் சாப்பிடுறீங்கன்னு நம்பிக்கிட்டு இருக்கேன். தினமும் போன்ல மூஞ்சியைப் பாத்துப் பேசுறோம், இந்த மனுஷன் எதுக்குக் காகிதமும் பேனாவுமா உக்காந்திருக்கார்னு உனக்குத் தோணும். போன்ல உங்கம்மா என் தோளை விட்டு நகர மாட்டேங்குறா, அது ஒண்ணு. அவ இல்லைன்னாலும் உன் முகத்தைப் பாத்துக்கிட்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மேல்வீட்டு எலக்ட்ரீஷியன் லீவு முடிஞ்சு உங்க பக்கம் திரும்புறார், அவர் கையில கொடுத்து விடுறேன்.

போன வாரம் நீ பேசும்போது உருண்டை ஏன் இப்படித் துவண்டு கிடக்கான்னு கேட்டே. கடைவாய்ப் பல்லு முளைக்குதுன்னு உங்கம்மா சொன்னா, நானும் பின்னாடி நின்னு பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். பல்லு இல்லை கண்ணு. அதுக்கு முந்தின நாள் அவனுக்கு ஜுரம் ஏறி வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். பயப்படாதேன்னு எழுதலாம்னு பாத்தேன், எனக்கே இன்னும் பயம் விடல, உனக்கு எப்படி அந்தப் புத்தியைச் சொல்றது. அதனால நடந்ததை நடந்தபடி எழுதிடறேன்.

ஆரம்பம் என் கையிலதான். நாள் பூரா பேக்கரி அடுப்பு வாயில நிக்கிற கை, யாரைத் தொட்டாலும் எனக்குக் குளுகுளுன்னுதான் இருக்கும். உங்கம்மா கை எந்நேரமும் தண்ணியில, அவளுக்கு எல்லாமே கொதிக்கும். நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே எங்க ரெண்டு பேருக்கும் இந்தச் சண்டை உண்டு, அவ நெருப்பாக் கொதிக்குதும்பா, நான் ஒண்ணுமில்லைம்பேன். உருண்டைக்கு மூக்கு ஒழுக ஆரம்பிச்சதும் மறுபடி அதே பாட்டு. நீ வாங்கி வச்சிட்டுப் போன தெர்மாமீட்டரை அக்குளுக்குக் கிட்ட கொண்டு போனாலே அவன் வீட்டை ரெண்டு பண்றான், உங்கம்மா அதைத் தூக்கி அலமாரியில வச்சிட்டா. எனக்குத்தான் பெரிய மூளையாச்சே, பேக்கரியில அடுப்புத் தளத்துக்குச் சூடு பாக்குற துப்பாக்கி மாதிரி கருவி ஒண்ணு இருக்கு, விசையை அழுத்தினா சிவப்புப் புள்ளி விழும், எத்தனை டிகிரின்னு நம்பர் வரும். ஆபீஸ் வாசல்லயும் ஆஸ்பத்திரி வாசல்லயும் நெத்திக்கு நேரா நீட்டினாங்களே, அதுவும் இதுவும் அண்ணன் தம்பின்னு நினைச்சுக்கிட்டேன். முதலாளிகிட்ட கேட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். அவனும் அழல, சிவப்புப் புள்ளியைப் பிடிக்கிறேன்னு சிரிச்சுக்கிட்டு ஓடினான். நல்லா இருக்குற உடம்புக்கு முப்பத்தேழு, இவன் நம்பர் முப்பத்தாறுக்கு மேல போகல. சோதனைக்கு என் நெத்தியில அடிச்சேன், முப்பத்தி நாலு. அப்போவே எனக்கு உறைச்சிருக்கணும், உயிரோட நிக்கிற மனுஷனுக்கு முப்பத்தி நாலான்னு. வயசானா சூடு குறையும் போலன்னு நானே ஒரு நியாயத்தைக் கட்டிக்கிட்டேன்.

அன்னிக்கு மதியம் தூங்கி எழுந்தவன் பால் வேணாம்னுட்டான். உங்கம்மா தொட்டுப் பாத்துட்டு இது சாதாரணச் சூடு இல்லை, கிளம்புங்கன்னா. நான் துப்பாக்கியை நீட்டினேன், அதே முப்பத்தாறு. மெஷின் பொய் சொல்லுமா, இருநூறு டிகிரி அடுப்பையே ஒரு டிகிரி பிசகாம காட்டுற சாமான்னு அவகிட்ட வாதாடினேன். குளிருதுன்னு அவன் ஒடுங்கவே கம்பளியை வேற இழுத்துப் போத்தினேன். கொஞ்ச நேரம் போயிருக்கும், கண்ணு மேல செருகிக்கிச்சு, கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது, உதடு நீலம் பூத்துப் போச்சு. கூப்பிட்டா பதில் இல்லை. என் உயிர் என்கிட்ட இல்லை அம்மாடி. பிள்ளை போயிட்டான்னே நினைச்சேன், உனக்கு எப்படிச் சொல்லப் போறோம்ங்குறது ஒண்ணுதான் மண்டைக்குள்ள ஓடுச்சு. உங்கம்மா பல்லுக்கு நடுவுல கரண்டியை வைக்கப் போனா, அதுக்குள்ள இழுப்பு தானா நின்னுடுச்சு. எலக்ட்ரீஷியன் வண்டியை எடுத்தார், போய்ச் சேர்ந்தோம்.

அங்க பாத்தப்போ முப்பத்தொன்பதரை, நம்ம பழைய கணக்குல நூத்தி மூணு. வீட்டுல எவ்வளவு இருந்துச்சுன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நான் முப்பத்தாறுன்னேன். எதுல பாத்தீங்கன்னாங்க. பையிலேர்ந்து துப்பாக்கியை எடுத்து மேஜை மேல வச்சேன், ஓரத்துல மாவு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அவங்க திருப்பித் திருப்பிப் பாத்துட்டு இது எதுக்கு உள்ளதுன்னு கேட்டாங்க, ரொட்டி அடுப்புக்குன்னேன். அவங்க திட்டியிருந்தாக்கூட எனக்கு ஆறியிருக்கும். இது மேல்தோல் சூட்டை மட்டும்தான் காட்டும், அதுவும் உடம்புக்குன்னு கணக்குப் பண்ணினது இல்லை, சிவப்பு வெளிச்சம் பிள்ளை கண்ணுல பட்டாலும் ஆபத்துன்னு நிதானமாச் சொன்னாங்க. இந்த மாதிரி ஜுர வலிப்பு சின்னப் பிள்ளைகளுக்கு வர்றதுதான், மூளையைப் பாதிக்காது, வளர வளர நின்னுடும், ஆனா அடுத்த ஜுரத்துல திரும்ப வந்தாலும் வரலாம்னாங்க. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, அஞ்சு நிமிஷத்துக்குள்ள நிக்கலைன்னா உடனே ஆம்புலன்ஸ். திரும்ப வரலாம்னு சொன்னாங்க பாரு, அதுக்கப்புறம் அவங்க பேசுன எதுவும் என் காதுல சரியா ஏறல, உங்கம்மாதான் மறுபடி கேட்டுக்கிட்டா.

இப்போ நீ வாங்கிக் கொடுத்த தெர்மாமீட்டர்லதான் பாக்குறேன். சட்டைக்கு மேல வைக்கக் கூடாதாம், நான் அப்படித்தான் வைக்க இருந்தேன். சட்டையைக் கழட்டி, வேர்வை இருந்தா துடைச்சு, நுனி அக்குள் குழியில நடுவுல தோல்ல ஒட்டுற மாதிரி வச்சு, கையை நெஞ்சோட சேத்து மடிச்சு, பீப் சத்தம் வர்ற வரைக்கும் அணைச்சுக்கிட்டே இருக்கணும். மடியில உக்கார வச்சு லாரி கதை சொன்னா இருக்கான். குளிச்ச உடனேயும், போத்திப் படுத்திருந்த உடனேயும் பாத்தா தப்பாக் காட்டும், கொஞ்சம் ஆறட்டும்னு விட்டுப் பாக்கணும். அக்குள்ல வர்ற நம்பர் உள்சூட்டை விடக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், அதனால டாக்டர்கிட்ட சொல்லும்போது எங்க வச்சுப் பாத்தோம்னும் சேத்துச் சொல்லணும். நம்பர் நல்லா இருந்தாலும் பிள்ளை குடிக்கலை, ஒண்ணுக்குப் போகலை, முகம் பாத்துப் பேசலைன்னா அதை நம்பிக்கிட்டு உக்காரக் கூடாது. இதுல பாதியை உங்கம்மா அன்னிக்கே சொன்னா, நான்தான் காதுல வாங்கல.

சரியாப் பாக்கக் கத்துக்கிட்டாச்சு, பயம் மட்டும் போக மாட்டேங்குது. நேத்து அவன் ஒரு தும்மல் போட்டான், உடனே தெர்மாமீட்டரைத் தேடி ஓடினேன். பாத்தேன், முப்பத்தாறு புள்ளி எட்டு. கருவி சரியாத்தான் இருக்கான்னு எனக்கு வச்சுப் பாத்தேன், உங்கம்மாவுக்கும் வச்சுப் பாத்தேன். சூடு கண்ட பூனையாட்டம் ஆயிட்டீங்கன்னு அவ சிரிச்சா, சிரிச்சிட்டு அடுப்படிக்குள்ள போய் அழுதா. வேலையில ரெண்டு தட்டு ரொட்டியைக் கருக விட்டுட்டேன், போன் அடிச்ச மாதிரியே இருக்கு எந்நேரமும். உங்கம்மா மேல கோபப்படாதே. விஷயம் தெரிஞ்சா நீ வேலையைப் போட்டுட்டு ஓடி வந்துடுவேன்னுதான் மறைச்சா, பொய் சொல்ற ஜென்மம் இல்லை அவ.

பொய் நான்தான் சொன்னேன். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா பிள்ளையோட அம்மாவுக்குத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும், போன்ல சொல்லிட்டேன்னேன். அவங்க அதை நம்பி என் கையில பிள்ளையைக் கொடுத்தாங்க. அதுலேர்ந்து அவனைத் தூக்கும்போதெல்லாம் உன்கிட்ட கேக்காம எடுத்த பொருள் மாதிரி இருக்கு எனக்கு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் நோய் நொடி இல்லாம இருக்கணும், உங்க பிள்ளை உங்க கண்ணு முன்னாடி வளரணும், வேற என்ன கேக்கப் போறேன். ஒண்ணு மட்டும் மறக்காதே. இதைப் படிச்சதும் உங்கம்மாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி என்னைக் கூப்பிடு. கூட்டிட்டுப் போறேன்னா அவன் துணியை மடிச்சு வச்சிடறேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். உங்ககிட்டயே இருக்கட்டும் அப்பான்னு சொல்றதா இருந்தா அதை உன் வாயால சொல்லு. நீ சொல்லாம அவனைத் தொடவே எனக்குப் பயமா இருக்கு.

இப்படிக்கு,
உன் அப்பா