தலையணைக்கு அடியில் இருந்த கண்ணாடி

என் வீட்டுக்காரருக்கு,

எனக்கு இன்றுவரை காய்ச்சல் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று எழுதினால் மட்டும் நம்பவா போகிறீர்கள்? வார்டுக்குள் செல்போனை விடமாட்டேன் என்கிறார்கள். கடிதம்தான் கதி.

தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் மட்டும் ஜன்னல்கள் திறக்கின்றன. எதிர்வீட்டுத் தையல்காரர் நேற்று போய்ச் சேர்ந்துவிட்டார். முகம் பார்க்கக்கூட அவர் மனைவியை விடவில்லை. டிவியைப் போட்டால் உலகப் படம், நாட்டுக்கு நாடு சிவப்பு. நம் மகள் இருக்கும் ஊரில் இன்னும் மோசமாம். விமானம் ஓடினால் முதல் ஆளாக வருவேன் என்கிறாள். வராதே என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரிதானே?

நம் கடையைத் திறக்கவே இல்லை. லென்ஸ் வரும் கப்பல் எந்தத் துறைமுகத்திலோ நிற்கிறதாம். பேப்பர் படிக்க முடியவில்லை, என் கண்ணாடி ரெடியா என்று வாத்தியார் போனில் கேட்டார். சாவுச் செய்தியைத் தவிர அதில் படிக்க என்ன இருக்கிறது சார் என்றேன். பாவம், போனை வைத்துவிட்டார்.

உங்களைக் கொண்டுபோனதிலிருந்து பதினான்கு நாளாகப் பூட்டி வைத்திருந்த நம் படுக்கையறையை இன்று சுகாதாரத்துறை ஆட்கள் வந்து திறந்துவிட்டார்கள். துவைக்கலாம் என்று உறையை உருவினால், தலையணைக்கு அடியில் உங்கள் கண்ணாடி! ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷன், தன்னுடையதை விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். முதலில் சிரிப்புதான் வந்தது.

அப்புறம் உங்களிடமிருந்து வந்த மூன்று பதில்களையும் எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கையில் ஊசி ஏறியிருப்பதால் நர்ஸ் எழுதுவதாக இருந்தது. சரி. என் கடிதத்தை நீங்களே இரண்டு தடவை படித்ததாகவும் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் உங்களுக்கு என் முகமே தெரியாது. என் கோழிக்கிறுக்கல் எப்படித் தெரிந்தது?

நர்ஸம்மா, இனி உங்களுக்குத்தான் எழுதுகிறேன். சத்தியமாக உங்கள்மேல் கோபமில்லை. அந்த மூன்று பொய்யை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினேன். இப்போது பயமாக இருக்கிறது. அவர் கண் விழித்தாரா? நான் எழுதியதில் ஒரு வரியாவது அவர் காதில் விழுந்ததா?

கண்ணாடியை இந்தப் பையில் வைத்திருக்கிறேன். இடது காதுப் பக்கம் கொஞ்சம் லூசு, அழுத்தி மாட்டுங்கள். கண் மூடியிருந்தாலும் மாட்டிவிடுங்கள். விழித்ததும் எதிரில் நிற்பது யார் என்று தெரியாமல் பயந்துவிடுவார்.

உள்ளே போன பொருள் ஆளோடு திரும்பும், இல்லாவிட்டால் ஆளுக்குப் பதிலாகத் திரும்பும் என்று ஆஸ்பத்திரி வாசல் காவலாளி சொன்னார். உண்மையை எழுத உங்களுக்குக் கை வரவில்லை என்றால் ஒன்றும் எழுத வேண்டாம். நான் என் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

நீங்களும் உங்கள் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும் தாயே. அந்தக் கண்ணாடி திரும்பி வரட்டும். அவர் மூக்கின்மேல் வரட்டும்.

இப்படிக்கு,
பன்னிரண்டாம் கட்டில்காரரின் மனைவி