சாவித் துளை இல்லாத கடிகாரம்

2003 ஜூலை 14, திங்கள். காலை 9.20. மழை. பின்மூடியில் திருகுகள் ஆறு. கரண்ட் கம்பி முனைகள் இரண்டு. சாவித் துளை: பூஜ்யம்.

வரும் ஞாயிறு தங்கை ஜரீனாவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளையின் வாப்பா ஹமீது மாமா இந்தக் கடிகாரத்தைப் போர்வையில் சுற்றி அனுப்பியிருக்கிறார். க்யிம்யிண்டைங் படகுத்துறைப் பக்கம் அந்தக் குடும்பத்துக்கு இருக்கும் மதிப்பே இதனால்தான். அமெரிக்காவின் மூன்றாவது அதிபர், நாகப்பட்டினத்துத் துணி வியாபாரியான இவர்கள் முன்னோருக்குக் கொடுத்ததாம். முகப்பில் அதிபர் பெயர். சாவி சண்டைக் காலத்தில் தொலைந்ததாம். கல்யாணத்தன்று ஓட வேண்டுமாம்.

உள்ளே பித்தளைத் தகடு. அதே பெயர், கீழே ‘இரண்டாம் வகுப்புச் சாப்பாட்டு அறை, 24 வோல்ட்’. அதிபர் பெயர் வைத்த கப்பல். கப்பல் கடிகாரம். அந்த அதிபர் காலத்தில் ஏது கரண்ட்?

15, செவ்வாய். நான் வேலை பார்க்கும் ஷ்வேப்யிதா ஆலையில் மூன்று முறை மின்வெட்டு. ஜெனரேட்டர் பெல்ட் அறுந்தது. முதுகு வலி. தகட்டு விஷயத்தை ஜரீனாவிடம் சொன்னேன்.

“காக்கா, ஓட வைக்கத்தானே குடுத்தாங்க? பரீட்சப் பேப்பரா, திருத்துறதுக்கு?”

“பொய்யை எப்படி ஓட வைக்கிறது?”

“போன தடவ நீ நெசம் பேசுனதுல ஒரு வருஷம் வீட்டுல ஒக்காந்திருக்கேன்.”

போன மாப்பிள்ளையின் டிப்ளமா போலி என்று பந்தியிலேயே சொன்னவன் நான். போலிதான். அந்த நிக்காஹ் அதோடு நின்றது.

16, புதன். மழை. செருப்பு வார் போச்சு. தகட்டோடு மாமா வீடு. கூடத்தில் மாமி, விருந்தாளிகள், ஊறிய தேயிலை லப்பே தட்டு, அதே அதிபர் கதை. மாமாவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுத் தகட்டைக் கையில் வைத்தேன். அவர் கண்ணாடி போடவில்லை, குனிந்து படிக்கவும் இல்லை.

“ரெண்டாம் வகுப்பு,” என்றார்.

“தெரியுமா மாமா?”

“எங்க வாப்பா அந்தக் கப்பல்ல மூட்ட எறக்குன ஆளு. பழசுன்னு கழிச்சுப் போட்டத எடுத்துட்டு வந்தாரு. உம்மாவப் பொண்ணு கேக்கப் போனப்ப சொன்ன கத தம்பி அது. அந்தக் கதையிலதான் நான் பொறந்தேன்.”

பிறகு, மெதுவாக: “தங்கச்சிக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“வந்துரும்ல?”

இது தெரிந்தால் ஜரீனா மருமகளாக வர மாட்டாளோ என்று பயந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை.

“வரும் மாமா.”

“ஓட வச்சுரு. சாவி மட்டும் செஞ்சுடாத. அது தொலஞ்சே கெடக்கட்டும்.”

பஸ் முழுக்க எரிச்சல். யார் மேல் என்று தெரியவில்லை. தூக்கம் வருகிறது. இனி:

1. சுவர்க் கடிகார மெஷின் ஒன்று வாங்குவது. முள் அச்சு அளந்து.
2. பேட்டரி இரண்டு. கரண்டை நம்புவதில்லை.
3. தகட்டைத் தேய்க்காமல் உள்ளேயே வைத்து, ஆறு திருகையும் இறுக்குவது.
4. ஞாயிறு பந்தியில் வாய் நிறையச் சோறு.
5. சாவி எங்கே என்று யாராவது கேட்டால்: சண்டைக் காலத்தில் தொலைந்தது.